பெருச்சாளிகள் அடைத்த ஓடை

ஏரிக்கரைக் காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு பெருநகரம் இருந்தது. சொல்லப்போனால் நல்ல நகரம்தான். தெருவெல்லாம் மின்மினிகள் வெளிச்சம் காட்டின. எறும்புகள் ஒரு பருக்கை குப்பை விடாமல் அள்ளின. எவ்வளவு மழை கொட்டினாலும் தண்ணீர் பள்ளத்துச் சதுப்பில் இறங்கி, ஓடை வழியாக ஆற்றுக்குப் போய்விடும்.

நகரத்தை ஆண்டவை மேட்டில் குடியிருந்த பெருச்சாளிகள். திறந்த வளைவாய் எதைக் கண்டாலும், பாம்பு வரும் என்று மண்ணால் அடைப்பது அவற்றின் குலவழக்கம். ஓடையின் வாயையும் அப்படியே அடைத்துவிட்டன. என்னே அறிவு! கோடையில் காய்ந்து கிடந்த சதுப்பைத் தூர்த்து, வளை தோண்டி, பிழைக்க வந்தவர்களை அங்கே குடிவைத்தன. அப்படிக் குடியேறியவள்தான் சுண்டெலி குருவம்மா. அவளுக்கு மூன்று குட்டிகள்.

அந்த மழைக்காலத்தில் பள்ளம் நிரம்பியது. ஆமைகள் அக்கம்பக்கத்தாரை முதுகில் ஏற்றிக் கரை சேர்த்தன. குருவம்மா குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி நீந்திக் காப்பாற்றினாள். வெள்ளம் வற்றியதும் மேட்டுக்குப் போய், ஓடையின் வாயைத் திறந்துவிடும்படி கேட்டாள்.

பெருச்சாளித் தலைவர் ஓடையைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்.

"உன்னை மாதிரி மனத்திடம் உள்ளவங்க இருக்கிறவரைக்கும் இந்த ஊரை எந்த மழையும் அசைக்க முடியாது, தாயீ."

குருவம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேட்டதை மறந்து வீடு திரும்பினாள். பக்கத்து வளைத் தவளை, மேடான இடமாகப் பார்த்துப் போய்விடு என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தது. அவள் கேட்கவில்லை.

"நானே போயிட்டா ஊரு பேரு என்னாகும்?" என்றாள்.

அடுத்த மழை இன்னும் பெரிதாக வந்தது. ஒரு குட்டியைக் கரையில் விட்டாள். இரண்டாவதையும் விட்டாள். கடைக்குட்டிக்காகத் திரும்பியபோது வளையே தெரியவில்லை. செம்மண் தண்ணீர்தான் சுழன்றது. மூச்சு முட்டும்வரை முங்கித் தேடினாள் பாவி மகள். கிடைக்கவில்லை.

நனைந்த உடம்போடு மேட்டுக்கு ஏறினாள். அங்கே ஒரு பெருச்சாளியின் வால்கூட நனைந்திருக்கவில்லை.

"ரெண்டு பிள்ளையைக் காப்பாத்திட்டியே தாயீ! இதான் நம்ம ஊரு வீரம்" என்று மாலையோடு வந்தார் தலைவர்.

"வீரம் வேணாம் தலைவரே. தண்ணி போக வழி விட்டிருந்தா என் கடைக்குட்டி இருந்திருக்கும். போன மழையிலேயே இதை விடாம கேட்டு வாங்காம, மாலைக்குக் கழுத்தை நீட்டினேனே, என்னைச் சொல்லணும்."

தலைவர் காது கேட்காதவர்போல நகர்ந்து, அவள் பின்னாலேயே ஏறி வந்திருந்த தவளையின் கழுத்தில் அந்த மாலையைப் போட்டார்.

துன்பத்தைத் தீர்க்க வேண்டியவன் நம் பொறுமையைப் புகழத் தொடங்கினால், அந்தத் துன்பத்தை அவன் தீர்க்கப்போவதில்லை என்று அறிக.