பரஸ்தானம் வைத்த பெட்டி

அது ஒரு தை மாசம், வியாழக்கிழமை. வாசல்ல போட்ட கோலம் இன்னும் காயாத காலை நேரம். போர்வையை இழுத்து மூடிக்கோ, காலை ஆட்டாதே. மாயவரம்னு ஒரு ஊர்ல, கூறைநாட்டுல, ஒரு பச்சைப் பெட்டி தன் வீட்டை விட்டுப் பக்கத்து வீட்டுக்குக் குடி போச்சு.

பெட்டி எப்படிக் குடி போகும்னு கேட்காதே. சொல்றேன்.

பெட்டிக்குச் சொந்தக்காரர் துரைக்கண்ணு. அவர் மனைவி செண்பகம். பஞ்சாங்கம் பார்க்காம துரைக்கண்ணு முடிகூட வெட்டிக்க மாட்டார். அவங்களுக்கு ஒரே பொண்ணு, பூங்கோதை. உலகத்தோட வடகோடியில, நார்வேங்கிற நாட்டுல, கடலோரச் சின்ன ஊர் ஒண்ணுல நர்சு வேலை பார்த்தா. அங்கேயே ஏரிக்னு ஒருத்தனைப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னா. துரைக்கண்ணு கத்தலை. "எத்தனை மணிக்கு?"ன்னு மட்டும் கேட்டார். அவ சொன்னா. அது நல்ல ராகுகாலம். டக்! போனை வச்சுட்டார். அன்னிக்கு மூடின வாய்தான். வருஷம் அஞ்சு ஆச்சு, மகள்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. போன் வந்தா, செண்பகம் கொல்லைப்பக்கம் போய்ப் பேசிட்டு வருவா.

ம் சொல்லு. சரி.

அப்புறம் ஒருநாள் சாப்பிடறப்போ துரைக்கண்ணு இலையைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "குளிர்க்கடல்ல ஒரு கப்பல் போகுதாம். பனிமலையெல்லாம் காட்டறாங்களாம். ரெண்டு டிக்கெட் போட்டுட்டேன்."

"எந்தக் கடல்ங்க?"

"நார்வே பக்கம்."

"நம்ம பூங்கோதை ஊர்..."

"வழியில எத்தனையோ ஊர் வரும். அதுவும் வருது. நாம ஊர் பார்க்கப் போறோம், அவ்வளவுதான். ரசம் ஊத்து."

செண்பகம் ரசம் ஊத்தினா. அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இந்த மனுஷன் மகள் முன்னாடி நின்னு, "நல்லா இருக்கியாம்மா"ன்னு கேட்கணும். அது நடந்தா அவளுக்குப் பனிமலையும் வேண்டாம், கப்பலும் வேண்டாம்.

அப்போ பெட்டி வேணுமே. முதல்ல பரண்ல இருந்து அவ கல்யாணத்துத் தகரப் பெட்டியை இறக்கினாங்க. தடால்! காலியாவே ரெண்டு பேர் தூக்கணும். வேண்டாம். அப்புறம் ஒரு துணிப்பை. பனி உருகி நனைஞ்சா உள்ள இருக்கிற கம்பளியெல்லாம் பிழியத்தான் ஆகும். அதுவும் வேண்டாம். மூணாவதா, கடைத்தெருவுல இந்தப் பச்சைப் பெட்டி. கெட்டி ஓடு, கீழே சக்கரம். தள்ளினா கிர்ர்ர்னு தானே ஓடிச்சு.

குளிருக்குத் துணி அடுக்கறது வெங்காயம் மாதிரி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. உடம்போட ஒட்டற உள்ளாடை, அதுக்கு மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல தண்ணி புகாத தடிக் கோட்டு. ரெண்டு ஜோடி பூட்ஸ். பூட்ஸுக்குள்ள காலுறையைச் சுருட்டித் திணிச்சா செண்பகம். அப்போ பெட்டியோட அடியில காகிதம் சுத்தின ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. அவ வைக்கலை.

"இது என்னங்க?"

"என் சாமான்."

"மருந்தா?"

"சாமான்னு சொன்னேன்ல. மேல துணியை வை."

அவ வச்சா.

இப்பதான் நீ கேட்டதுக்குப் பதில். கிளம்ப வேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில வடக்கே சூலம், அந்தத் திசையில பயணம் போகக்கூடாதுன்னு பஞ்சாங்கம் சொல்லுது. ஆனா கப்பல் பஞ்சாங்கம் பார்க்குமா? அதுக்குத்தான் பரஸ்தானம். முன்கூட்டியே ஒரு நல்ல நாள்ல, பயணச் சாமான்ல ஒண்ணை வேற வீட்டுல கொண்டுபோய் வச்சுட்டா, அன்னிக்கே கிளம்பினதாக் கணக்கு. ஆனா வச்ச சாமானைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. போற வழியிலதான் எடுத்துக்கணும்.

"ஒரு துண்டை வச்சா போதாதாங்க?"ன்னா செண்பகம்.

"குளிர்தேசப் பயணத்துக்கு எது முக்கியமோ அதைத்தான் வைக்கணும்"னு முழுப் பெட்டியையும் தள்ளிக்கிட்டுப் போனார். கிர்ர்ர்.

பக்கத்து வீட்டு லோகாம்பாள் ஆச்சி பொக்கை வாயால சிரிச்சா. "ஏண்டா துரை, உன் பெட்டிக்கு நான் சோறு போடணுமா?"

"பத்திரமாப் பார்த்துக்கோ ஆச்சி. பெரிய காரியமாப் போறேன்."

"தெரியும் போடா. ஊர் பார்க்கத்தானே?"ன்னு கண்ணைச் சிமிட்டினா ஆச்சி. தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பெட்டியை வச்சுக்கிட்டா.

ம்... தூங்கிட்டியா? இல்லையே. கேளு.

அப்புறம் செவ்வாய்க்கிழமை விடியற நேரம். பூ...ம்னு சங்கு. டண் டண்ணு சேகண்டி. செண்பகம் எழுந்து ஓடினா. ஆச்சி தூக்கத்திலேயே போயிட்டா. கூடத்துல கிடத்தி, தலைமாட்டுல விளக்கு ஏத்தியிருந்தாங்க. ஆச்சியோட மகன் முத்தையன் அழுத கண்ணோட வந்தான். "அண்ணி, உங்களுக்கு நேரமாச்சே. பெட்டியை எடுத்துத் தரேன்."

தெருவுல கார் வந்து நின்னுடுச்சு. பாம் பாம்! துரைக்கண்ணு தன் வாசப்படியை விட்டு இறங்கலை.

"சாவு வீட்டுப் பெட்டியோட பயணம் கிளம்பறதா?"

"நம்ம பெட்டிதானேங்க!"

"பிணம் இருக்கிற வீட்டுல இருந்து வருது."

"குளிர்ல எப்படிங்க?"

"வழியில வாங்கிக்கலாம்."

"ஆச்சி முகத்தையாவது ஒரு தடவை..."

"ஏறு."

கொல்லைப்பக்கமா வந்து காரேறினார். ஆச்சி வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. முத்தையன் பெட்டிக் கைப்பிடியைப் பிடிச்சபடி அப்படியே நின்னான்.

வழியில வாங்கலாம்னாரே, வாங்கினாங்களா? ஒரு விமானம் இறங்கினா அடுத்த விமானத்துக்கு ஓட்டம். கப்பல் கடையில தொப்பியும் கழுத்துத் துணியும்தான் வித்தான். அப்போ என்ன செய்வாங்க? அறைக்குள்ளேயே, போர்வையைப் போர்த்திக்கிட்டு, கண்ணாடி வழியாப் பனிமலை பார்த்தாங்க. வெளியே ஊ...ன்னு காத்து.

அப்புறம் பூங்கோதை ஊர் வந்தது. கரையோரம் ஆழம் போதாதுன்னு கப்பல் தள்ளி நின்னுடுச்சு. சின்னப் படகுல போகணும்.

முதல் படகு. ரெண்டு பேரும் வரிசையில நின்னாங்க. சளக் சளக்னு அலை. கதவுகிட்ட நின்ன ஆள் துரைக்கண்ணு சட்டையைப் பார்த்தான், செண்பகம் புடவையைப் பார்த்தான். "கோட்டும் பூட்ஸும் இல்லாம ஏத்த மாட்டோம்"னு சொல்லிட்டான். படகு போயிடுச்சு.

செண்பகம் பக்கத்து அறை அம்மாகிட்டக் கையேந்தினா. ஒரே ஒரு கோட்டு, ஒரு ஜோடி பூட்ஸ் கிடைச்சது. கொண்டுவந்து அவர் முன்னாடி நீட்டினா.

"நீங்க போங்க."

"நீ போ."

"நான்தான் தினம் பேசறேனே. நீங்க போகத்தானே இவ்வளவு தூரம்..."

"வெறுங்கையோடயா?" கோட்டை அவ பக்கமே தள்ளினார். "அந்தப் பெட்டியில கூறைப்புடவை இருக்கு, செண்பகம். நம்ம தெருத் தறியில நெய்யச் சொன்னது. கல்யாணத்துக்குக் கொடுக்காத புடவை. அதைக் கையில கொடுத்துட்டுப் பேசலாம்னு இருந்தேன். இப்ப என்னன்னு பேசுவேன்?"

அந்தப் பொட்டலம். செண்பகம் அந்தக் கோட்டைத் தானே மாட்டிக்கிட்டா.

ரெண்டாவது படகுல அவதான் போனா. போன்ல சொல்லி வச்சபடி, கரையில சிவப்புக் கோட்டோட பூங்கோதை நின்னா. கட்டிப்பிடிச்சு அழுதுட்டு, அம்மாவோட தோளுக்குப் பின்னாடி பார்த்தா. "அப்பா?"

"கோட்டு இல்லைடி. பெட்டி வராமப் போச்சு."

பக்கத்துல நின்ன ஏரிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனா புரிஞ்சது. விசுக்குனு தன் கோட்டைக் கழட்டினான், பூட்ஸைக் கழட்டினான். அந்தக் குளிர்ல காலுறையோட நின்னான், பாவம். செண்பகம் அதே படகுல திரும்பிப் போனா.

மருமகன் கோட்டைப் போட்டுக்கிட்டார் துரைக்கண்ணு. கை முழம் நீளம். செண்பகம் மடிச்சு விட்டா. மூணாவது படகுக்கு வரிசையில நின்னாங்க. அவர் உதடு அசைஞ்சது. என்ன சொல்லணும்னு சொல்லிப் பார்த்துக்கிட்டார் போல.

அப்போ காத்து எழும்பிச்சு. ஊ... ஊ...! அலை கப்பல் பக்கவாட்டுல படீர் படீர்னு அறைஞ்சது. "படகு இனிமேல் கிடையாது"ன்னுட்டாங்க.

துரைக்கண்ணு மேல்தட்டுக்கு ஓடினார். கரையில சிவப்பா ஒரு புள்ளி தெரிஞ்சது. அது கையை ஆட்டிச்சு. அவரும் ஆட்டினார். கப்பல் திரும்பி, அந்தப் புள்ளி மறைஞ்ச பிறகும் ஆட்டினார். செண்பகம் இழுத்தா, வரலை. அன்னிக்கு நெஞ்சுல ஏறின குளிர் மாயவரத்து வெயில்லயும் இறங்கலை. லொக்கு லொக்குனு இருமல். இனிமே தூரப் பயணம் ஆகாதுன்னுட்டார் டாக்டர்.

அப்புறம் பங்குனியில ஒரு பகல், போன் வந்தது. செண்பகம் கொல்லைப்பக்கம் போகலை. அவர் காதுல வச்சா.

"அப்பா, பெட்டி வந்துது. புடவை வந்துது. என்னிக்குக் கட்டிக்கட்டும்? நாள் பார்த்துச் சொல்லுங்கப்பா."

துரைக்கண்ணு ஆணியில தொங்கின பஞ்சாங்கத்துக்குக் கையை நீட்டினார். நீட்டின கை பாதியில நின்னுடுச்சு.

"இப்பவே கட்டிக்கோம்மா."

செண்பகம் கடிகாரத்தைப் பார்த்தா. ராகுகாலம். அவருக்கும் அது தெரியும்.

அந்தப் புடவையில மகளை அவர் நேர்ல பார்க்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பக் கூடாத அந்தப் பெட்டியை, செண்பகம் கொடுத்த விலாசத்துக்கு அனுப்பினது முத்தையன்தான்; கூலியும் அவனே கொடுத்தான், அவன் அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள். அங்க சுங்கவரியை ஏரிக் கட்டினான், பங்குனியில. துரைக்கண்ணு பணத்தை எடுத்துக்கிட்டு அந்த வீட்டுப் படி ஏறினது சித்திரையில. முத்தையன் வாங்கலை. "அம்மா படத்துக்கு விளக்கேத்த எண்ணெய் வாங்கி ஊத்துங்கண்ணே"ன்னான். அன்னியிலேர்ந்து வெள்ளிக்கு வெள்ளி, நேரம் பார்க்காமப் போய் ஊத்திட்டு வரார்.

கதை கரை சேர்ந்தது. கண்ணை மூடு.