கோட்டைக் கதவுக்கு வெளியே நின்றவர்கள்

முன்னொரு காலத்தில், மூக்கின் மேல் கோபமும் கை நிறையத் தாராளமும் உள்ள ஒரு ராஜா இருந்தார். எதையும் பக்கத்து நாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. யார் நாட்டு யானை உயரம், யார் நாட்டு மாங்காய் புளிப்பு என்று எல்லாவற்றிலும் போட்டிதான். ஒரு நாள் புது ஆசை ஒன்று முளைத்தது. சொந்தமாகத் தொழில் தொடங்கும் துணிச்சல் எந்த நாட்டு மக்களுக்கு அதிகம்? நமக்கா, ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்களுக்கா?

அந்தக் கணக்கை எடுக்கும் பொறுப்பு மந்திரி வில்லவராயரிடம் போய்ச் சேர்ந்தது. ராஜாவின் நாட்டில் கடை வைக்க மந்திரியின் முத்திரை வேண்டும். அது கைக்கு வருவதற்குள் கேட்டவனுக்குத் தலை நரைத்துவிடும். அக்கரையிலோ கேட்ட அன்றே கொடுத்துவிடுவார்கள். இந்த லட்சணத்தில் வில்லவராயர் இரண்டு நாட்டிலும் முத்திரை பெற்ற கடைகளை மட்டும் எண்ணிக்கொண்டு சபைக்கு வந்தார்.

"அரசே, அக்கரையில் பத்துக் கடை என்றால் இங்கே ஒன்றுதான். நம் மக்கள் சோம்பேறிகள்."

சபையில் அக்கரை நாட்டுத் தூதரும் இருந்தார். அவர் மீசைக்குள் சிரித்தார். "எங்கள் வணிகர் நூறு பேர் என்னோடு வந்து கோட்டைக்கு வெளியே தங்கியிருக்கிறார்கள். தங்கள் கடைவீதியை அவர்களிடம் ஒப்படைத்துவிடலாமே."

ராஜாவின் முகம் சுருங்கிப்போனது. அரண்மனை விதூஷகன் திருமேனிக்குப் பொறுக்கவில்லை. "கணக்குத் தவறு, மன்னா!" என்று துள்ளி எழுந்தான்.

ராஜா எப்போதும் திருமேனி பேச்சுக்குத்தான் சிரிப்பார் என்ற வயிற்றெரிச்சல் வில்லவராயருக்கு நெடுநாளாக உண்டு. வந்த வாய்ப்பை விடுவாரா? "அப்படியானால் விதூஷகரே அளந்து காட்டட்டும். இரு நாட்டாரையும் ஒரே கோலால், மன்னரின் கண் முன்னே அளக்க வேண்டும். நாளை மாலைக்குள் முடியாவிட்டால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா, கோபம் குறையாமல்.

திருமேனி சபையை விட்டு வெளியே வந்தான். பிறந்த ஊர், பேசிப் பழகிய சனம். இவர்களை விட்டுவிட்டு எந்தத் தேசத்தில் போய் யாரைச் சிரிக்க வைப்பது? துணிச்சல் என்ன நெல்லா, மரக்காலில் அள்ளிப் போட? புலம்பிக்கொண்டே நடந்தவன் கோட்டை வாசலுக்கு வந்தான். காவலர்கள் கதவைச் சாத்தி, குறுக்கே கணையமரத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். திருமேனி அந்த மரத்தையே பார்த்தான். பிறகு ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். காவலர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் சந்தை நாள். திருமேனி கேட்டுக்கொண்டபடி, உச்சிவேளையாகியும் கதவைத் திறக்கவில்லை. சந்தைக்கு வந்த கூட்டமும் அரண்மனைக்குக் கிளம்பி வந்த நூறு வணிகரும் வெளியே வெயிலில் நின்றார்கள். வாசலுக்கு மேலே காவல் மாடத்தில் ராஜா, மந்திரி, தூதர், திருமேனி.

"எங்கே உன் அளவுகோல்?" என்றார் ராஜா.

"கதவுக்குக் குறுக்கே கிடக்கிறதே, அந்தக் கணையமரம்தான் மன்னா. இரு நாட்டாருக்கும் ஒரே தடை, ஒரே வெயில். யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. திருமேனி மதிலிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தான். அப்போது கீழே ஒரு குரல் கணீரென்று எழுந்தது. தயிர்ப்பானையோடு வந்த பிச்சாயிதான். "வெயில்ல தயிரு புளிச்சு வீணாப் போறதுக்கு மோராவது ஆகட்டும்! இஞ்சி தட்டிப் போட்ட மோரு, வாங்க வாங்க!"

அவ்வளவுதான், கூட்டம் பிடித்துக்கொண்டது! ஒரு வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டி மேல் சாக்கை விரித்துக் கட்டி நிழலை வாடகைக்கு விட்டான். "சும்மா நிக்கிற நேரத்துல மூஞ்சியையாவது வழிச்சுக்குங்கய்யா!" என்று ஒருவர் கத்தியைத் தீட்டினார். "நீங்க போய் நிழல்ல குந்துங்க, உங்க எடத்துல நான் நிக்கிறேன்" என்று இன்னொருவன் காத்திருப்பதையே தொழிலாக்கிவிட்டான். திருமேனி கைதட்டிக் குதித்தான். ராஜாவும் எழுந்து மதில் விளிம்புக்கே வந்துவிட்டார்.

நூறு வணிகரும் மூட்டைகள் மேல் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "நீங்களும் ஏதாவது செய்யக் கூடாதா?" என்று தூதர் மேலிருந்து கத்தினார்.

"முத்திரை இன்னும் வரவில்லையே ஐயா!" என்றார்கள்.

அக்கரை ஆட்களில் ஒரே ஒருவன்தான் சுறுசுறுப்பாக இருந்தான். அவன் தூதருக்குக் குடை பிடிக்கிறவன். எஜமான் முதல் நாளே கோட்டைக்குள் தங்கிவிட்டதால், தன்னிடம் இருந்த அவருடைய பட்டுக்குடையை விரித்து, ஆளுக்கு ஒரு வெற்றிலைக் கட்டு வாங்கிக்கொண்டு நிழல் கொடுத்தான்.

"தூதரே, முத்திரை இல்லாத இந்தக் கெட்டிக்காரரைத் தங்கள் நாட்டுக் கணக்கிலும் காணோமே" என்றான் திருமேனி. "மந்திரியார் முத்திரைகளை எண்ணினார் மன்னா. மனிதர்களை எண்ண மறந்துவிட்டார்."

வில்லவராயர் பின்னாலிருந்து சீறினார். "முத்திரை இல்லாத இவையெல்லாம் தொழிலே அல்ல, அரசே! மோர் விற்கும் அந்தப் பெண்ணை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டேன்!"

அதற்குள் கீழேயிருந்து பிச்சாயியின் குரல் வந்தது. "ராசாவே! மேல கயித்துல கட்டி ஏத்துன கலயத்தை இறக்கிவிடச் சொல்லுங்க! மந்திரி ஐயா குடிச்சு எவ்வளவு நேரமாச்சு, இங்க அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருக்காரு!"

ராஜா திரும்பிப் பார்த்தார். வில்லவராயரின் கையில் காலிக் கலயம். கருகருவென்ற மீசை முழுக்க வெள்ளை வெளேரென்று மோர்.

ராஜா சிரித்த சிரிப்பில் மாடத்துப் புறாக்கள் பறந்தன. தூதர்கூட அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றித் திருமேனியின் கழுத்தில் போட்டார். மந்திரியின் இடுப்பிலிருந்த முத்திரையையும் வாங்கி அவன் கையில் வைத்தார். "இனி கேட்ட அன்றே கேட்டவருக்குக் கொடு."

"அப்படியே, மன்னா! கதவைத் திறக்கச் சொல்லட்டுமா?"

"அவசரப்படாதே!" என்ற ராஜா, சின்னப் பிள்ளைபோல் மதிலில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம் அளக்கலாம். அம்மா பிச்சாயி, எனக்கும் ஒரு கலயம் ஏற்று!"