மூன்று டம்ளர் டீ

மாதக் கடைசியில் வங்கி மேலாளர்கள் உட்காருவதில்லை. சபேசனும் அறைக்குள் நடந்தபடியே இருந்தார். கிளைக்கு டீ கொடுக்கும் பூங்காவனம், தன் கிரெடிட் கார்டை ரத்து செய்து தரும்படி கையெழுத்துக்கு நின்றாள். எதிர் வங்கிக் கார்டுக்கு ஆண்டுக் கட்டணமே இல்லையாம்.

அங்கே உட்கார்ந்திருந்த தலைமை அலுவலக அதிகாரியின் காதில் விழும்படி சபேசன் முழங்கினார்: “வெளியே எதுக்கும்மா போறே? வெள்ளி, தங்கம், வைரம்னு மூணு கார்டு இருக்கு. இஷ்டப்பட்டதை எடுத்துக்கோ!”

“கட்டணம் சார்?”

“மூணுக்கும் ஒண்ணுதான்.”

பூங்காவனம் போய் எவர்சில்வர், கண்ணாடி, பித்தளை என மூன்று டம்ளர்களில் டீ கொண்டுவந்தாள். “இஷ்டப்பட்டதை எடுத்துக்குங்க சார்.”

ஒவ்வொன்றாக உறிஞ்சிய சபேசன் முகம் சுளித்தார். “மூணுலயும் சர்க்கரையே இல்லை! கொண்டு போ, நான் எதிர்க்கடையில குடிச்சுக்கறேன்.”

“அதுக்குத்தான் சார் நானும் கையெழுத்து கேக்கறேன்.”

அதிகாரி சிரித்துக்கொண்டே தன் பேனாவைச் சபேசனிடம் நீட்டினார்.