அஞ்சலை வீட்டு அரிசி

ஆற்றங்கரை மடத்தில் காவி கட்ட விரும்புகிறவருக்குக் கடைசியாக ஒரு வேலை உண்டு. காணும் பொங்கலன்று அவர் ஊருக்குள் இறங்கிப் போக வேண்டும். கடந்த ஒரு வருஷத்தில் தனக்கு நல்லது செய்தவர்களின் வீடுகளுக்குப் போய், இன்ன உதவி செய்தீர்கள் என்று சொல்லி, நன்றி சொல்லி, வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி வர வேண்டும். தைப்பூசத்தன்று காலையில் அந்த அரிசியைத்தான் பொங்குவார்கள். அதைச் சாப்பிட்ட பிறகுதான் காவி.

யாரையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி மடத்துத் தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பட்டியலில் பெயரைச் சேர்க்கலாம், எடுக்கக் கூடாது. எல்லா வீட்டு அரிசியும் வந்து சேராவிட்டால் அந்த வருஷம் அடுப்பு மூட்ட மாட்டார்கள்.

குழந்தைவேலு கொடுத்த பட்டியலைப் பார்த்து மடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். வரிசை எண், பெயர், ஊர், உதவிய தேதி, உதவியின் தன்மை, குறிப்பு என்று ஆறு கட்டம் கோடு போட்டு எழுதியிருந்தார். முப்பத்திரண்டு வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். கை வேறு மாதிரி எழுதாது. வயது அறுபத்தொன்று. மனைவி இறந்த மறு வருஷம் மடத்துக்கு வந்து, பாத்திரம் கழுவி, மாட்டுக் கொட்டகை கூட்டி, மூன்று வருஷம் காத்திருந்தவர். மடத்துத் தலைவர் அம்பலவாண சாமி அவரைவிடப் பதினேழு வயது சின்னவர். அதனால் சாமி அவரை ஐயா என்பார்.

பட்டியலில் பத்துப் பேர். முதல் பெயர் அஞ்சலை. உதவியின் தன்மை என்ற கட்டத்தில் ‘உயிர்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

அது கார்த்திகை மாதத்தில் நடந்தது. சந்தையிலிருந்து மடத்துக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு மொபெட்டில் வந்தவர், தரைப்பாலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று இறங்கிவிட்டார். பாதிப் பாலத்தில் வெள்ளம் வந்து வண்டியோடு தள்ளியது. வண்டி போய்விட்டது. இவர் கையில் பாலத்து ஓரக்கல் ஒன்று அகப்பட்டது. அதைக் கட்டிக்கொண்டு கத்தினார். கண்ணெல்லாம் சேறு. மேலே கயிறு வந்து விழுந்த பிறகுதான் கரையில் ஆள் இருப்பதே தெரிந்தது. மாட்டுக் கயிறு. அதைப் பிடித்துக் கரையேறியவர் அங்கேயே மயங்கிவிட்டார். ஆஸ்பத்திரி, காய்ச்சல் என்று பத்து நாள் ஓடியது. கயிறு வீசியவள் அக்கரையில் இருக்கும் அஞ்சலை என்று பிறகு டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும்.

காணும் பொங்கலன்று ஒன்பது வீடுகளில் வேலை சுலபமாக முடிந்தது. அரிசியோடு கரும்பும் கொடுத்தார்கள். கண் சோதித்துக் கண்ணாடி வாங்கிக் கொடுத்த பழைய சிநேகிதர், ஒரு பிடிக்குப் பதில் ஒரு படி தருகிறேன் என்று அடம்பிடித்தார். அக்கரை என்பதால் அஞ்சலை வீட்டுக்குக் கடைசியில் போனார். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, ஒரு பொன்னாடை.

அஞ்சலை வாசலில் வரட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். முந்தைய நாள் மாட்டுப் பொங்கலுக்குப் பூசிய நீலம் மாட்டின் கொம்பில் அப்படியே இருந்தது. குழந்தைவேலு வெள்ளத்தைச் சொன்னார், கயிற்றைச் சொன்னார், நன்றி சொன்னார், மடத்து வழக்கத்தையும் விளக்கினார். அவள் கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வியாழக்கிழமை வாங்க” என்றாள்.

இன்றைக்கே வாங்க வேண்டும் என்பதுதான் முறை என்றார் அவர்.

“இன்னைக்குக் கையெழுத்துப் போடுறவங்க வெளியில போயிருக்காங்க.”

அவருக்குப் புரியவில்லை. அஞ்சலை அவர் முகத்தைப் பார்த்தாள்.

“என்னைத் தெரியலையா, வி.ஏ.ஓ. ஐயா? நான் தைலம்மை மக.”

பிறகு அவளே சொன்னாள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவர் இந்த ஊரில் வேலை பார்த்தபோது, முதியோர் உதவித்தொகைக்காகத் தைலம்மை மனுக் கொடுத்தாள். ஆதரவற்றவர் என்று அவர் சான்று எழுதித் தர வேண்டும். இன்று போய் வியாழக்கிழமை வா என்றார். வியாழக்கிழமை போனால் ஜமாபந்தி, தாலுகாவில் வருஷக் கணக்குக் காட்டப் போக வேண்டும் என்றார். மகள் வந்தால் போதாது, ஆளே நேரில் வர வேண்டும் என்றார். முட்டி பிடித்துப்போன கிழவியைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனாள் அஞ்சலை. ஆறு நடை. ஆறாவது நடையில் கையெழுத்துக் கிடைத்தது. உத்தரவு வந்தபோது வாங்கத் தைலம்மை உயிரோடு இல்லை.

“அப்ப ஆபீஸ் விதி அப்படிம்மா” என்றார் குழந்தைவேலு. சொன்ன பிறகு அது வாயிலிருந்து தானாக வந்துவிட்டது தெரிந்தது.

“நான் இல்லைன்னு சொல்லலையே. விதிதான். இங்கயும் விதிதான். வியாழக்கிழமை வாங்க.”

தாம்பாளத்தோடு திரும்பினார். தைலம்மை என்ற பெயரை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். முகம் வரவில்லை. சைக்கிள் வரவில்லை. அந்த ஊரில் இரண்டு வருஷம் இருந்ததில் அவருக்கு ஞாபகம் வந்தது அலுவலகத்துக்குள் ஒழுகிய கூரை மட்டும்தான்.

சாமி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். குழந்தைவேலு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுக்கக் கூடாது என்பது அவருக்கே தெரியும் என்றார் சாமி.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா கொடுத்துடுவாங்க, சாமி.”

“கொடுப்பாங்க. எனக்குக் கொடுப்பாங்க.”

இந்த விஷயம் மடத்துச் சமையல்காரர் காதுக்கும் போனது. ஒரு பிடி அரிசிக்கா இத்தனை பாடு, மூட்டையில் இல்லாததா, கலந்துவிட்டால் எந்த அரிசி எந்த வீட்டு அரிசி என்று கடவுளுக்கே தெரியாது என்றார் அவர். குழந்தைவேலு இதை ஒரு நாள் முழுக்க யோசித்தார். யோசித்ததைச் சாமியிடமே போய்ச் சொல்லியும்விட்டார்.

“பொங்கப் போறது நீங்க. சாப்பிடப் போறதும் நீங்க” என்றார் சாமி.

குழந்தைவேலு போகாமல் நின்றார். மனசில் வேறு ஒன்று இருந்தது. அதையும் சொன்னார்.

“அன்னைக்குத் தண்ணியில கெடந்தது யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, சாமி. தெரிஞ்சிருந்தா கயிறு வீசியிருக்க மாட்டாங்க. எவனோ ஒருத்தன்னு நினைச்சுத்தான் காப்பாத்தினாங்க. அப்ப அது எனக்குச் செஞ்ச உதவியே இல்லை. பட்டியல்ல எழுதினதே தப்பு.”

“கேட்டீங்களா?”

“எதை?”

“தெரியுமா தெரியாதான்னு.”

“அதை எப்படிச் சாமி கேக்கறது?”

“வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்கல்ல” என்று சாமி முறத்தைத் தட்டினார்.

வியாழக்கிழமை குழந்தைவேலு தாம்பாளத்தை எடுக்கவில்லை. பொன்னாடையையும் எடுக்கவில்லை. அரிசி வாங்க ஒரு மஞ்சள் பை மட்டும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பூசத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. அவள் இன்னும் நான்கு நடை அலையவிட்டால் பூசம் போய்விடும் என்பது தவிர வழியில் வேறு யோசனை இல்லை. அவள் வீட்டைப் பார்த்ததும் அந்த யோசனையும் போய்விட்டது.

அஞ்சலை மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் கேலி இல்லை.

“வந்துட்டீங்களே” என்றாள். “சும்மா ஒரு ஆத்திரத்துல சொன்னேன். வர மாட்டீங்கன்னு நினைச்சேன்.”

உங்கள் அம்மாவை எனக்கு ஞாபகம் வரவில்லை, எவ்வளவோ முயன்று பார்த்தும் வரவில்லை, ஆறு நடை நடக்கவைத்தது தப்பு என்று குழந்தைவேலு சொன்னார். விதியைப் பற்றி இந்த முறை பேசவில்லை. அவள் மாட்டின் முதுகைத் தேய்த்தாள். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

“அன்னைக்குத் தண்ணியில இருந்தது நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா?”

தேய்த்த கை நின்றது.

“தெரியும்.”

“தூக்கினப்புறம் தெரிஞ்சுதா?”

“தூக்குறதுக்கு முன்னாடியே. சத்தத்துல திரும்பிப் பார்த்தேன். நீங்க வாயைத் தொறந்து கத்துறீங்க. அந்த வாயை எனக்குத் தெரியாதா? ஆறு நடை அதைத்தானே பார்த்துக்கிட்டு நின்னேன்.”

குழந்தைவேலு கக்கத்துப் பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“கயிறு கையிலதான் இருந்துச்சு. மாட்டை அப்பத்தான் மேட்டுல அவுத்துவிட்டிருந்தேன். நான் உடனே வீசலை. நின்னேன். எங்கம்மா கேரியர்ல உக்காந்து, மெதுவா தள்ளுடி, மெதுவா தள்ளுடின்னு சொல்லிக்கிட்டே வருவா, அது காதுல கேட்டுச்சு. தண்ணி உங்க கழுத்துக்கு வந்துச்சு. அப்பவும் நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு எனக்குத் தெரியாது. அப்புறம் வீசிட்டேன்.”

செம்பில் தண்ணீர் மொண்டு மாட்டின் மேல் ஊற்றினாள். இரண்டு செம்பு ஊற்றினாள்.

“ஊருல எல்லாரும் என்னை ஒசத்தியாப் பேசினாங்க. பஞ்சாயத்துல மாலை போட வந்தாங்க. நான் போகலை. நீங்க தாம்பாளத்தோட வந்து நிக்கறீங்க. உங்க கிட்ட எதைச் சொல்லித் தொரத்தறதுன்னு தெரியாமத்தான் எங்கம்மா கதையை எடுத்தேன். அது நெசக் கதைதான். ஆனா அரிசி கொடுக்காததுக்கு அது காரணம் இல்லை.”

“நீங்க வீசலைன்னா நான் இல்லைம்மா.”

“வீட்டுல அரிசி இருக்கு, ஐயா. கஞ்சத்தனம் இல்லை. அது உசுரைக் காப்பாத்தினவ கொடுக்க வேண்டிய அரிசி. நான் நின்னவ. போயிட்டு வாங்க.”

அவர் வெறும் பையோடு ஆற்றைக் கடந்து வந்தார். தரைப்பாலத்தில் தண்ணீர் இல்லை. ஓரக்கல் ஒன்றுகூட அவர் இடுப்புக்கு மேல் உயரமில்லை.

மடத்தில் பூசத்துக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். சாமி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைவேலு பக்கத்தில் போய் நின்று, அவள் சொன்னதைச் சொன்னபடியே சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சாமி இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எவ்வளவு நேரம் நின்னாங்களாம்?”

“அவங்களுக்கே தெரியலையாம்.”

கால் நடுகிறவர்கள் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். சாமி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த வருஷம் வேண்டாம், சாமி” என்றார் குழந்தைவேலு. “அடுப்பு மூட்ட வேண்டாம். அது பரவாயில்லை. ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. தப்புன்னு சொல்லிட்டேன், பதில் இல்லை. உயிரைக் கொடுத்தீங்கன்னு நன்றி சொன்னேன், வாங்கிக்க மாட்டேங்கறாங்க. இதுக்கு மேல அவங்களுக்கு நன்றி சொல்ல என்ன இருக்கு?”

சாமி பந்தல்காலிலிருந்து பார்வையை எடுத்தார்.

“கயிறு வீசினதுக்குச் சொல்லிட்டீங்க, ஐயா. நீங்கதான்னு தெரிஞ்சு நின்னாங்களே, அந்த நேரத்துக்குச் சொல்லிட்டு வாங்க.”