தணிகாசலம் சார் மாட்டிய ஹெட்போன்

அம்பத்தூரில் எங்கள் கால் சென்டருக்கு மலிவு விலை ஹெட்போன்கள் வந்து இறங்கின. காதை முழுசாக மூடும் ரகம். மதியத்துக்குள் காது வெந்துவிடும், மண்டையை இடுக்கி போலப் பிடிக்கும். பேசுகிறவர் குரலெல்லாம் குடத்துக்குள்ளிருந்து வரும். எங்களுக்கோ புலம்பக்கூடத் தெம்பில்லை.

மேனேஜர் தணிகாசலம் அதில் ஒரே ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு, "மெத்தை மாதிரி இருக்கு" என்றார். "வலிக்குதுன்னு யாராவது கழட்டினா அப்படியே வீட்டுக்குப் போயிடலாம். நிலோபர், நீயே சொல்லும்மா, எப்படி இருக்கு?"

நிலோபர் எங்களிலேயே புதுசு. அசந்துபோன கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அருமை சார். ஆனா நான் சொன்னா இவங்க நம்பமாட்டாங்க. திங்கட்கிழமை மீட்டிங்ல நீங்க இதை மாட்டிக்கிட்டே பேசுங்க, எல்லாரும் வாயை மூடிக்குவாங்க."

திங்கட்கிழமை அவர் வாயைத் திறந்தால் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் மூடுவார். பெருமையாக மாட்டிக்கொண்டு, டார்கெட், ஒழுக்கம் என்று தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் காதோரம் வியர்வை வழிந்தது. விரலை உள்ளே விட்டு நெம்பினார்.

"சௌகரியமா இருக்கா சார்?" என்றாள் நிலோபர்.

"ம்ம்" என்றவர், டீ வருவதற்கு முன்பே, "மீதியை அப்புறம் பார்க்கலாம்" என்று கழற்றினார். இரண்டு காதும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

அந்த வாரமே நல்ல ஹெட்போன்கள் வந்தன. பழையதையெல்லாம் மூட்டை கட்டச் சொன்னார். நிலோபர் அதில் ஒன்றை மட்டும் எடுத்துத் தன் டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

"அது எதுக்குடி?" என்றேன்.

"மறுபடியும் திங்கட்கிழமை வருமே அக்கா."