எருமையிடம் பாடம் கேட்ட தவளை

ஒரு காட்டுக் குளத்தில் மத்தளம் என்று ஒரு தவளை இருந்தது. அதன் வயிறு அப்படி. தலையில் ஓர் இலை விழுந்தால்கூட ஊரைக் கூட்டி அழும்.

அதே குளத்தில் கரியப்பன் என்ற எருமையும் கிடந்தது. ஒரு நாள் கொட்டோ கொட்டென்று மழை கொட்டியது. குரங்குகள் ஓடின, மயில்கள் ஓடின. கரியப்பனின் காதுகூட ஆடவில்லை.

மத்தளம் வாயைப் பிளந்தது. இது சாதாரண எருமை இல்லை, பெரிய ஞானி என்று முடிவு கட்டிவிட்டது.

"சாமி, எதையும் தாங்குற வித்தையை எனக்கும் சொல்லித் தாங்க."

"வருவது வரட்டும்" என்றது கரியப்பன். அதற்குமேல் பேச அதற்குச் சோம்பல்.

அன்றிலிருந்து மத்தளம் சேற்றில் சப்பணம் போட்டு உட்கார்ந்தது. மூக்கின்மேல் கொசு வந்து உட்கார்ந்தாலும் நாக்கை நீட்டவில்லை. கொசுக்களுக்கு ஞானத்தின்மேல் பெரிய மரியாதை வந்தது.

கோடை வந்தது, குளம் வற்றத் தொடங்கியது. வழக்கம்போல எல்லாத் தவளைகளும் பின்னங்காலால் சேற்றைத் தோண்டி, மழை வரும்வரை தூங்க உள்ளே புதைந்துகொண்டன. கொடுக்காயி என்ற நண்டும் வளை தோண்டியது. "ஐயோ என் இடுப்பு, ஐயோ என் கொடுக்கு" என்று புலம்பிக்கொண்டே தோண்டியது.

"ஞானி புலம்ப மாட்டான், கொடுக்காயி அக்கா."

"ஞானி காய்ஞ்சு கருவாடு ஆவான். சேறு இறுகறதுக்குள்ள தோண்டுடா."

"வருவது வரட்டும்" என்று மத்தளம் கண்ணை மூடிக்கொண்டது.

தண்ணீர் முழுவதும் வற்றி, சேறும் காய்ந்த பிறகுதான் கரியப்பன் எழுந்து நடந்தது.

"எங்கே சாமி?"

"வேற குளத்துக்கு. இங்கதான் தண்ணி இல்லையே."

"வருவது வரட்டும்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். வந்தா எழுந்து போகாதேன்னு சொன்னேனா? எனக்குத் தோல் தடிப்பு, தம்பி. அன்னிக்கு மழை பெஞ்சதே மறுநாள்தான் தெரிஞ்சுது."

மத்தளம் கரியப்பனையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தது. கரியப்பன் பின்னால் போனால் வழியிலேயே வெயிலில் வறுபட்டுவிடும். தோண்டலாம் என்றால் சேறு ஓடுபோல இறுகிவிட்டது.

கொடுக்காயி வளையிலிருந்து எட்டிப் பார்த்தது. "வெயில் உன் கையில இல்ல. கால் உன்கிட்டதானே இருக்கு? தோண்டு."

"வலிக்குமே, அக்கா."

"வலிக்கும். அழுதுகிட்டே தோண்டு. யாரு வேண்டாம்னா?"

மத்தளம் அழுதுகொண்டே தோண்டியது. கொடுக்காயி திட்டிக்கொண்டே அடியிலிருந்து ஈரச் சேற்றை எடுத்து அதன் முதுகில் அப்பியது. மற்றவை ஒரே பொழுதில் தோண்டியதை மத்தளம் நாள் கணக்கில் தோண்டியது. கடைசியில் ஈரம் தட்டுப்பட, உள்ளே விழுந்து குறட்டை விட்டது.

மழை வந்து குளம் நிறைந்தது. வெளியே வந்த மத்தளத்தை ஒரு பாம்பு பாய்ந்து கவ்வ வந்தது. மத்தளம் பயந்து ஒரு எம்பு எம்பியது. முன்பெல்லாம் ஒரு சாண் தாண்டினால் பெரிது. இப்போது பாம்பைத் தாண்டி, அல்லியைத் தாண்டி, மழைக்குப் பின் குளத்துக்குத் திரும்பியிருந்த கரியப்பனின் மண்டையில் போய்த் தொப்பென்று விழுந்தது. பாம்பு வாயை மூட மறந்து நின்றது.

"எப்படிடா இந்தக் கால்?" என்றது கொடுக்காயி.

"வெயில் குடுத்தது, அக்கா" என்று சொல்லிவிட்டு மத்தளம் ஒரு கொசுவைப் பிடித்துத் தின்றது.

மறுநாள் காலையில் கரியப்பன் மெல்லத் தலையைத் தூக்கி, "யாரோ என் தலையில குதிச்ச மாதிரி இருக்கே?" என்றது.

தாங்குவது என்றால் சும்மா கிடப்பது அல்ல. நம் கையில் இல்லாததைப் பொறுத்துக்கொண்டு கையில் இருப்பதைச் செய்தால், வந்த கஷ்டமே நமக்கு வலுவாகிவிடும்.