குண்டு விழும் இடம்

ரைஃபிள் கிளப்பில் சுடுகிற நேரத்தைவிடப் பேசுகிற நேரம் அதிகம். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் டீயும் பஜ்ஜியும் வரும். கூடவே சண்டையும் வரும்.

பல் டாக்டர் நல்லசிவம் பிஸ்டல் கட்சி. லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை பஷீர் ரிவால்வர் கட்சி.

"உங்க ரிவால்வர் ஆறு குண்டோட நின்னுடும் பாய். ஆறு பல்ல வச்சுக்கிட்டுக் கறி விருந்துக்குப் போற மாதிரி."

"உங்க பிஸ்டல் குண்டு சிக்கி ஜாம் ஆகி, பாதி விருந்துலயே தொண்டை அடைச்சு நிக்குமே டாக்டர். அதுக்கு என் ஆறு பல்லே தேவலை."

சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். இதற்கு முடிவு வந்ததில்லை. வரவேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை.

துப்பாக்கியைப் பற்றி ஊர் நம்புகிற பொய்களை உடைப்பதில் நல்லசிவத்துக்குத் தனி சந்தோஷம். சினிமாவில் குண்டு பட்டவன் பத்தடி தள்ளிப் போய் விழுகிறானே என்று யாராவது ஆரம்பித்தால் போதும். "அப்படின்னா சுட்டவனும் இந்தப் பக்கம் பத்தடி பறக்கணுமே, ஏன் பறக்கல?" என்பார். சைலன்சர் போட்டால் பூனை தும்முகிற சத்தம்தான் வரும் என்பதையும், காரின் டேங்கில் சுட்டால் வண்டியே வெடித்துவிடும் என்பதையும் அவர் இப்படித்தான் ஒவ்வொரு ஞாயிறாகக் கவிழ்த்தார்.

அங்கே பயிற்சியாளர் ஜெனிட்டா. மாநில அணிக்காகச் சுட்டவள். நல்லசிவத்தைவிட இருபது வயது இளையவள். அவள் வருகிறவரை அவருடைய குண்டுகள் இலக்கு அட்டையில் நடுக் கறுப்பு வட்டத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் பட்டுக்கொண்டிருந்தன. மூச்சை எங்கே நிறுத்துவது என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அதனால் அவள் முன்னால் அவர் மாணவர். அவள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். அவள் வாதங்களில் சேர்வதில்லை. ஓரமாக உட்கார்ந்து துப்பாக்கி துடைப்பாள்.

அன்றைக்கு வானத்தைப் பார்த்துச் சுடுவது பற்றிப் பேச்சு வந்தது.

"மேல போன குண்டு கீழ வந்து ஆளைக் கொன்னுடும்னு சொல்றாங்களே?" என்றார் பஷீர்.

"சுத்தப் பொய்" என்றார் நல்லசிவம். "மேல போற வேகம் வேற, கீழ வர்ற வேகம் வேற பாய். உச்சிக்குப் போய் நின்னு, புரண்டு புரண்டு ஒரு கூழாங்கல் மாதிரி விழும். தலையில ஒரு வீக்கம். அவ்வளவுதான்."

பிறகு ஜெனிட்டாவின் பக்கம் திரும்பினார்.

"சரிதானுங்களே கோச்?"

"நான் மேல சுட்டதில்ல டாக்டர்."

"நான் சுடப்போறேன். வியாழக்கிழமை என் தங்கச்சி மகன் கல்யாணம், உடுமலையில. மாப்பிள்ளை கார் மண்டபத்துக்குள்ள நுழையறப்ப தாய்மாமன் சுடணும். எங்க வீட்டு வழக்கம்."

"லைசென்ஸ் போயிடும் டாக்டர்" என்றார் பஷீர்.

"எங்கூர்ல எவன் கேக்கறான்? கோச், நீங்க கண்டிப்பா வரணும்."

சுடாதீர்கள் என்று அவள் சொல்வாள் என அவர் எதிர்பார்த்தார். பதிலும் தயாராக வைத்திருந்தார்.

"வர்றேன்" என்றாள் ஜெனிட்டா.

வியாழக்கிழமை மாலை மண்டபத்து முற்றம் நிறைந்திருந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் வாசலில் நின்றார்கள். நல்லசிவம் பட்டு வேட்டி கட்டி, இடுப்பில் பிஸ்டலோடு முற்றத்தின் நடுவில் நின்றார். கூட்டம் அவரைச் சுற்றி வட்டமாக ஒதுங்கியது.

ஜெனிட்டா வந்தாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை எடுத்து வந்து, அவருக்கு நாலடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

"கோச், உள்ள ஏசி இருக்கு. இங்க ஏன் வெயில்ல?"

"இங்கதானே விழும்?"

"எது?"

"கூழாங்கல்."

நல்லசிவம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல் இருந்தாள்.

கார் திரும்பியது. பேண்டு முழங்கியது. "சுடுங்க மச்சான்!" என்று தங்கை கணவர் வாசலிலிருந்து கத்தினார். நல்லசிவம் பிஸ்டலை எடுத்துக் கையை உயர்த்தினார்.

ஜெனிட்டா நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

வீக்கம்தான், அவ்வளவுதான் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. விரல்தான் மடங்கவில்லை. மூச்சை நிறுத்தினார், விட்டார், மறுபடி நிறுத்தினார். அவள் இன்னும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மெல்லிய சங்கிலி தெரிந்தது. வகிடு தெரிந்தது.

கை இறங்கியது. குண்டுகளைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஜாம் ஆயிருச்சு மச்சான்" என்றார்.

பேண்டு சத்தத்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மாப்பிள்ளை இறங்கினான், ஆரத்தி எடுத்தார்கள், உள்ளே போனார்கள். தங்கை மட்டும் போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அது அவருக்குச் சுருக்கென்றது.

பந்தியில் ஜெனிட்டாவுக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தார். பொரியல் வந்தது, சாம்பார் வந்தது. அவர் எதையும் தொடவில்லை.

"கோச், ஒண்ணு சொல்லணும். என் தங்கச்சி முன்னால எனக்கு மானம் போச்சு. ஆனா சுட்டிருந்தாலும் குண்டு உங்க மேல விழுந்திருக்காது."

"அப்படீங்களா?"

"உறுதியாச் சொல்றேன். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படி அடிக்குது பாத்தீங்கல்ல? மேல போன குண்டு நேரா வராது. காத்து தள்ளிக்கிட்டே போயிரும். மதில் சுவரைத் தாண்டிப் பின்னாடி தெருவுலதான் விழுந்திருக்கும். இதுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

ஜெனிட்டா சோற்றில் ரசத்தை ஊற்றச் சொல்லிப் பிசைந்தாள்.

"பின்னாடி தெருவுல எந்த வீட்டு வாசல்னு சொல்லுங்க டாக்டர். அடுத்த கல்யாணத்துக்கு நாற்காலிய அங்க போட்டுக்கறேன்."